சவரத்துக்கு முன் ஐந்து சொட்டு

நவம்பர் 19, புதன்

பதினேழு நாள் கழித்து இன்று காலை இவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ‘கொண்டுவந்தோம்’ என்று எழுதுவது பழக்கம். நானும் ஆம்புலன்ஸ் டிரைவரும்தான்.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. முகத்தின் வலப்பக்கம் தொங்கிவிட்டது. பேச்சு இல்லை. காது கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரோகிணி என்ற பெண் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறாள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பாடு, வாயிலிருந்து வந்த சத்தம். எந்தச் சத்தம் வந்தாலும் தேதி போட்டுக் குறிக்க வேண்டுமாம். மேலே ‘கவனிப்பவர் பெயர்’ என்ற இடத்தில் மரகதவல்லி என்று எழுதினேன். ‘உறவு’ என்ற இடத்தில் மனைவி.

அந்தக் கட்டங்களில் வேறு எதற்கும் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தபோது வாங்கிய நோட்டு ஒன்று பீரோவில் எழுதப்படாமல் கிடந்தது. எனக்கு இது.

நவம்பர் 21, வெள்ளி

இட்லி ஒன்றரை. சத்தம் இல்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, வந்து பார்க்கிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இவர் முகத்தில் முடி இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். இவர் ஏறினால் டிக்கெட் எடுத்தவன்கூட ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். அந்த மிரட்டலில் பாதி அந்த மழுங்கச் சிரைத்த முகத்தில்தான் இருந்தது. காலை ஐந்தரைக்குச் சவரம், ஐந்தரைக்கு வெந்நீர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அதே ஐந்தரை.

இப்போது மூன்று வாரத் தாடி. இடது கையால் அதைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறார். சலூன் முத்தையாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். இடப்பக்கம் முழுக்க முடித்துவிட்டு வலப்பக்கம் வந்தபோது, தொங்கிய கன்னத்தில் கத்தி லேசாகக் கீறியது. மற்றவர்களுக்கு அரை நிமிஷத்தில் நின்றுபோகிற ரத்தம். இவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். நாற்பது நிமிஷம் நிற்கவில்லை. முத்தையா படிகாரக் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். நின்றதும் பெட்டியை மூடிவிட்டு, இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி மழுங்கலும் பாதித் தாடியுமாகப் படுத்திருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மறைத்து வைத்தேன். இரக்கத்தால் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுத்தான் மறைத்தேன்.

நவம்பர் 26, புதன்

மாடியில் குடியிருக்கும் செண்பகம் அவள் வீட்டு ட்ரிம்மரைக் கொடுத்தாள். அது முடியைக் குறைக்கிறது, எடுப்பதில்லை. இவர் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தலையணையில் போட்டு உரசினார். தோல் சிவந்து தடித்துவிட்டது. டாக்டரைப் போனில் கேட்டேன். வறண்ட தோலில் பிளேடு படவே கூடாது, நன்றாக ஊறவைத்துவிட்டு சேஃப்டி ரேசரால் பதமாகச் செய்யலாம் என்றார். யார் செய்வது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று நான் செய்தேன்.

முப்பத்து மூன்று வருஷத்தில் இவர் முகத்தை நான் தொட்டதில்லை. இப்படி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்களுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். ஆனாலும் முகத்தைத் தொட்டதில்லை. இவர் கைதான் என் முகத்தில் பட்டிருக்கிறது, அதுவும் எப்போது பட்டது என்று எனக்குத் தெரியும்.

சோப்பு நுரை போட்டு இழுத்தேன். பிளேடு முடியில் மாட்டி மாட்டி நின்றது. தாடையில் ஒன்று, மேலுதட்டில் ஒன்று, இரண்டு இடத்தில் ரத்தம். படிகாரத்தை வைத்து அழுத்தினேன். இருபத்தைந்து நிமிஷம். இவர் கண்ணை மூடவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாயிற்று, ஏனென்றால் அந்த முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

வெந்நீர் மக்கைக் கழுவும்போது என் இடது பாதத்தைப் பார்த்தேன். கல்யாணமான இரண்டாவது வருஷம் ஒருநாள் வெந்நீர் ஆறிப்போயிருந்தது. மறுநாள் ஆறக்கூடாதென்று கொதிக்கக் கொதிக்க வைத்தேன். அது அதிகச் சூடு. மக் என் காலில் வந்து விழுந்தது. அந்த இடத்தில் தோல் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

மெடிக்கல் கடை ஜெய்லானியிடம் கேட்டேன். அவர் தன் அப்பாவுக்கு நான்கு வருஷம் சவரம் செய்தவராம். “பிளேடு வைக்கிறதுக்கு முன்னாடியே பாதி சவரம் முடிஞ்சிரணும் டீச்சரம்மா. முடி இளகிருச்சுன்னா பிளேடு தானா போகும், நீங்க அழுத்தவே வேணாம்” என்றார். நுரைக்கு முன்னால் பூசுகிற க்ரீம் ஒன்று கொடுத்தார். வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி.

நிறையப் பூசினால் நிறைய நல்லது என்று நினைத்துவிட்டேன். பிளேடுக்குள் அடைத்துக்கொண்டது. மூன்று இழுப்புக்கு ஒருமுறை வெந்நீரில் அலச வேண்டியதாயிற்று. ஆனால் ரத்தம் ஒரே இடத்தில்தான்.

டிசம்பர் 5, வெள்ளி

தேங்காய் எண்ணெய் பனிக்கு உறைந்துபோகிறது. விளக்கெண்ணெய் மட்டும் என்றால் பசை. மூன்று பங்கு பாதாம் எண்ணெயும் ஒரு பங்கு விளக்கெண்ணெயும் கலந்தேன். உள்ளங்கையில் ஐந்து சொட்டு. அதற்கு மேல் வேண்டியதில்லை.

முதலில் வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் சுற்றி, இரண்டு நிமிஷம். பிறகு எண்ணெய். கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் படுத்திருக்கும் முடி எழுந்து நிற்கும். எண்ணெயைத் துடைக்காமல் அதன் மேலேயே க்ரீம், கொஞ்சமாக. அதன் மேல் நுரை.

முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். வெல்வெட் துணி வெட்டும்போது பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன், மேலிருந்து கீழே தடவினால் ஒரு நிறம், கீழிருந்து மேலே தடவினால் வேறு நிறம், திசை பார்க்காமல் கத்தரியை வைக்காதே என்று. இவருக்குக் கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் பக்கவாட்டில், தாடைக்கு அடியில் ஒரு சுழி. அந்தச் சுழி இவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரால் துடைத்துவிட்டேன். இவர் இடது கையால் கன்னத்தைத் தடவினார். பிறகு, இதை அட்டவணையில் எழுதவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். என் கையில் பிளேடு இன்னும் இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் சத்தம். எண்ணெய் தேய்க்கும்போது, “தே” என்றார். நிறுத்தினேன். மறுபடியும், “தே. தே.”

தேய் என்கிறார். இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டேன். அட்டவணையில் எழுதினேன்: தே (தேய்க்கச் சொல்கிறார்).

டிசம்பர் 11, வியாழன்

இன்றும் “தே”. காலையில் எண்ணெய் தேய்க்கும்போது ஒருமுறை. மதியம் கஞ்சி கொடுக்கும்போது ஒருமுறை. கஞ்சி குடிக்கும்போது எதற்குத் தேய்க்க வேண்டும் என்று தெரியவில்லை. காலைப் பிடித்துவிட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்கிற மாதிரி. கழுத்தில் பலமில்லாததால் தலை அப்படி ஆடுவதுண்டு.

டிசம்பர் 14, ஞாயிறு

மகள் போன் செய்தாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பதினோரு மணிக்குச் செய்வாள். ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு இவர் போய்விடும் நேரம். ஓசூரில் இருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன், கூட வேலை பார்த்த ஜெரால்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு மதம், வேறு சாதி, இவருக்கு இரண்டுமே போதுமானதாக இருந்தது. இந்த வீட்டில் அவள் பெயர் கேட்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து கேட்கவில்லை. நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். இருக்கிறார் என்றேன். கூட்டத்துக்குப் போயிருக்கிறாரா என்றாள். ஆமாம் என்றேன். போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினேன். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டதற்கு ரேஷன் கடை என்றேன்.

நான் இவர் சொன்னதைத்தான் செய்கிறேன். கேட்கக் கூடாது என்றார். இவரே மாற்றிச் சொல்லட்டும்.

அவள் வீட்டை விட்டுப் போன அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவருக்குத் தெரியாமல் போனேன். ஒரு புடவையும் கொஞ்சம் நகையும் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை. “அப்பாவ ஒருநாள் மன்னிச்சிருவேன்மா. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் நீ வாயத் தொறக்கல” என்றாள். மக்கை எறிந்தவருக்கு மன்னிப்பு, காலில் வாங்கிக்கொண்டவளுக்கு இல்லை. அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் போன் செய்கிறாள். இவர் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்கிறாள்.

டிசம்பர் 17, புதன்

எண்ணெய் தேய்க்கும்போது கண்ணில் நீர் வந்தது. விளக்கெண்ணெய் கண் ஓரத்தில் பட்டிருக்கும். நாளை முதல் மேல் கன்னத்துக்குக் குறைவாக வைக்க வேண்டும்.

சவரம் செய்கிற அந்த இருபது நிமிஷம் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிவிடுகிறேன். தாடையை நான் இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம்.

டிசம்பர் 20, சனி

ரோகிணி வீட்டுக்கு வந்தாள். படம் போட்ட அட்டைகளை மடியில் பரப்பி, எது வேண்டுமோ அதைத் தொடுங்கள் அப்பா என்றாள். டம்ளர், கட்டில், பஸ், நாய், ரெட்டைச் சடை போட்ட பெண். இவர் பெண்ணைத் தொட்டார். அட்டைகளைக் கலைத்துவிட்டு மறுபடி பரப்பினாள். மறுபடியும் பெண்ணைத்தான் தொட்டார். “தே” என்றார்.

ரோகிணி என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களாம்மா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

இவர் கட்டிலில்தான் இருந்தார். நான்கு அடி தூரம். காது கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

இரண்டு நாளாக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போலத் துண்டு, எண்ணெய், க்ரீம், நுரை. இடப்பக்கம் முடிந்தது. தாடைக்கு அடியில் சுழி இருக்கும் இடத்தில் பிளேடை வைத்தேன். தலையை வெடுக்கென்று திருப்பினார். இடது கையால் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார். எது முதலில் என்று டாக்டர் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கழுத்தில் ஓர் அங்குல வெட்டு. படிகாரத்துக்கு அடங்கவில்லை. துண்டு நனைந்தது, அடுத்த துண்டும் நனைந்தது. செண்பகத்தைக் கத்திக் கூப்பிட்டேன். அவள்தான் ஆட்டோ பிடித்தாள். இருவருக்கும் நடுவே இவரை உட்கார வைத்து, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனோம்.

வழியில் செண்பகம் கேட்டாள். “தேன்மதிக்குச் சொல்லிட்டீங்கல்ல டீச்சர்?”

இவர் அவள் பக்கம் திரும்பினார். கழுத்தில் துண்டோடு திரும்பினார். “தே” என்றார். “தே. தே. தே.” ஆட்டோ நிற்கும்வரை நிறுத்தவில்லை.

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று தையல். நான் போட்டிருந்தால் இதைவிட நெருக்கமாகப் போட்டிருப்பேன்.

டிசம்பர் 25, வியாழன்

தேன்மதி வந்துவிட்டாள். செண்பகம் போன் செய்திருக்கிறாள். இன்று அவள் வீட்டில் பண்டிகை, அதை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள். முன்நெற்றியில் நரை.

இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கண் விழித்துப் பார்த்தார். “தே” என்றார்.

“ஆமாப்பா. தேன்மதிதான்.”

வாய் கோணி, எச்சில் ஒழுக, குழந்தை மாதிரி அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. அவள் தன் துப்பட்டாவால் துடைத்தாள். நுரையும் எண்ணெயும் இல்லாத அந்த முகத்தை அவள் தொட்டாள், அவர் திரும்பவில்லை.

பிறகு ரோகிணி வார்டுக்கு வந்தாள். மகள் என்று தேன்மதி சொன்னதும் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், மகள் இல்லை என்றுதானே சொன்னீர்கள் என்றாள். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. சனிக்கிழமை என்னிடம் வாங்கிப்போயிருந்த அட்டவணையை அவளிடம் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

தேன்மதி அட்டவணையைப் படித்தாள். டிசம்பர் ஒன்பதிலிருந்து ஒவ்வொரு நாளாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். தே, தேய்க்கச் சொல்கிறார். தே, தேய்க்கச் சொல்கிறார்.

“உனக்கு நெஜமாவே அப்படித்தான் கேட்டுச்சாம்மா?”

எண்ணெய் தேய்க்கும்போதுதான் முதலில் சொன்னார் என்றேன். அது உண்மை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “அப்பா என்னை வீட்டுக்கு வராதன்னுதான் சொன்னாரு. நீ நான் இல்லவே இல்லைன்னு சொல்லிருக்க” என்றாள். காகிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. சமைப்பது நான், ஊட்டுவது அவள். அவளும் நானும் உப்பு, சர்க்கரை, மாத்திரை பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

இன்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொண்டுவந்து வைத்தேன். தையல் ஆறட்டும் என்றாள். தான் செய்வதாகவும் சொல்லவில்லை, தனக்குப் பயம் என்றாள்.

ஜனவரி 4, ஞாயிறு

தேன்மதி ஊருக்குப் போனாள். அவரைத் தன்னோடு கூட்டிப்போக நினைத்தாள். இவ்வளவு தூரம் இப்போது வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். போனை அவருக்கு நேராகப் பிடித்தால் போதும், நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “அப்பாவுக்கு ஒண்ணுன்னா எனக்குச் செண்பகம் அக்கா சொல்லுவாங்க” என்றாள்.

ஜனவரி 6, செவ்வாய்

தையல் ஆறிவிட்டது. டாக்டரும் சவரம் செய்யலாம் என்றார். காலை ஏழு மணிக்குத் துண்டு நனைத்து, எண்ணெய் சுட வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 7, புதன்

சுவர்ப் பக்கம்.

ஜனவரி 9, வெள்ளி

வெட்டுப் பட்ட பயம் என்று நினைத்தேன். பிளேடு இல்லாமல், கிண்ணம்கூட இல்லாமல், வெறும் துண்டோடு போனேன். ஊட்டிவிடும் கையை ஏற்றுக்கொள்கிறார், மலம் துடைக்கும் கையை ஏற்றுக்கொள்கிறார், அதற்கு வேறு வழி இல்லை. முகத்துக்குக் கை போனால் மட்டும் சுவர்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். டெப்போவில் இவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் கரும்பும் பழமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒருவர் தயங்கி நின்று, சார் எங்கே என்று என்னைக் கேட்டார். கட்டிலில் இருப்பவரைத்தான் பார்த்துக்கொண்டு கேட்டார்.

தாடி கன்னத்தை மூடிவிட்டது. ஐம்பது வருஷம் ஒருநாள் விடாமல் சிரைத்த முகம். கையால் தடவிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார், இழுப்பதையும் விட்டுவிட்டார். இது அவருக்குச் சகிக்க முடியாதது என்று இந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால்தான் சகித்துக்கொள்கிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

தேன்மதி நேற்று வந்து இன்று மதியம் போனாள். அவள் போன பிறகு கட்டில் பக்கத்தில் அதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுவரைப் பார்த்தாலும் காது கேட்கும்.

முதலில் வெந்நீரைப் பற்றிச் சொன்னேன். கால் வெந்து பதினோரு நாள் செருப்புப் போடாமல் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னேன். அடி வாங்கிய நாட்களைச் சொன்னேன், தேதியோடு. எனக்கு ஞாபகம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பிறகு மற்றதைச் சொன்னேன்.

“மொத நாளே எனக்குத் தெரியும். ‘தே’ன்னா தேன்மதின்னு மொத நாளே தெரியும். நீங்க சொன்னதத்தான் செய்றேன்னு எழுதி வெச்சிருக்கேன், அது பொய். முப்பத்து மூணு வருஷத்துல நீங்க என் கைக்குள்ள இருந்தது அந்த இருபது நிமிஷந்தான். அப்பயும் நீங்க அவளத்தான் கேட்டீங்க. எனக்குக் குடுக்க மனசு வரல.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். வாய் வரவில்லை. அவரும் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் திரும்பவில்லை. மூச்சு சீராக இருந்தது. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

ஜனவரி 21, புதன்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே என்று எனக்கு ஒரு நினைப்பு. சொல்லிவிட்டால் ஏதோ ஒன்று இளகும் என்ற நினைப்பு. காலையில் குளித்துவிட்டு எண்ணெயைச் சுட வைத்தேன். வெந்நீர்த் துண்டை எடுத்துப் போனபோது இவர் மல்லாந்து படுத்திருந்தார், சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. துண்டைச் சுற்றினேன். விட்டார். இரண்டு நிமிஷம். எடுத்தேன். தாடி நனைந்து ஒட்டியிருந்தது. ஐந்து சொட்டை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, கன்னத்தருகே கொண்டுபோனேன்.

என் முகத்தைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு முயற்சி செய்தது. உதடு ஒட்டியது, பிரிந்தது. அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்தார்.

“வேண்டாம்.”

முழு வார்த்தை. நோயில் விழுந்த பிறகு முதல் முழு வார்த்தை.

கையைத் துடைத்துக்கொண்டு ரோகிணிக்குப் போன் செய்தேன். புது வார்த்தை வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். இனி எதையும் மறைப்பதாக இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். பெயரின் முதல் எழுத்தைச் சொல்வது வேறு, சமயம் பார்த்துச் சரியான சொல்லைச் சொல்வது வேறு, இது பெரிய முன்னேற்றம் என்றாள். என்ன செய்யும்போது சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப அதையே தெனமும் பண்ணுங்கம்மா. அதே நேரம், அதே மாதிரி. அவர் சொல்லட்டும். சொல்லச் சொல்லத்தான் நாக்கு பழகும்.”

சரி என்றேன்.

ஜனவரி 24, சனி

ஏழு மணி. சொன்னார். கடைசி எழுத்து சரியாக வரவில்லை.

ஜனவரி 29, வியாழன்

ஒன்பது நாளாக விடாமல் செய்கிறேன். இன்றும் ஏழு மணிக்குத் துண்டு. ஐந்து சொட்டு எண்ணெய். உள்ளங்கையில் தேய்த்து, சூடு பதமாக இருக்கிறதா என்று என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் கன்னத்தருகே கொண்டுபோய், சொல்லட்டும் என்று காத்து நின்றேன்.

சொன்னார். நேற்றைவிடத் தெளிவாக.